முழங்காலுக்குப் பின்னால் ஒரு கட்டி... உடம்பின் காவல்படை ஏன் சும்மா இருந்தது?

எங்கள் எதிர்வீட்டு அக்காவின் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கால்பந்து ஆடுகிறவன். முழங்காலுக்குப் பின்னால் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி வந்தபோது, 'விளையாட்டில் பட்ட அடி, சதை கட்டிக்கிட்டு இருக்கு' என்றே எல்லோரும் நினைத்தோம். வலி பெரிதாக இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு சின்ன மருத்துவமனையில் 'கொழுப்புக் கட்டிதான்' என்று சொல்லி, ஸ்கேன் எதுவும் எடுக்காமல், மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. ஏழாவது மாதம் அதே இடத்தில் கட்டி திரும்ப வந்தது. இந்த முறை எம்.ஆர்.ஐ, ஊசி பயாப்ஸி எல்லாம் எடுத்த பிறகு ஒரு பெயர் சொன்னார்கள்: சினோவியல் சர்கோமா.

ஆபரேஷன், ரேடியேஷன், கீமோ என்று ஆறேழு மாதங்கள் ஓடின. ஒருநாள் இரவு அக்கா போனில் கேட்டார். "ஏம்மா, நீதான் பத்திரிகையில எழுதுறியே... இம்யூனோதெரபின்னு ஒண்ணு இருக்காமே. நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே கேன்சரைத் தின்னுடுமாமே. அதை ஏன் நம்ம பையனுக்குக் குடுக்க மாட்டேங்குறாங்க?"

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. தேடிப் படிக்கப் படிக்க, கேள்வி அக்கா நினைத்ததைவிடப் பெரியது என்று புரிந்தது. இம்யூனோதெரபி என்ற யோசனை பிறந்ததே இந்த சர்கோமா என்ற நோயிலிருந்துதான். ஆனால், அதன் பலன் சர்கோமா நோயாளிகளுக்கு வந்து சேர நூறு வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது. வந்ததும் எல்லோருக்கும் வந்துவிடவில்லை.

முதலில் இந்தப் பெயரைப் பார்த்துவிடுவோம். மார்பகம், நுரையீரல், குடல் போன்ற உறுப்புகளின் உள்பூச்சிலிருந்து கிளம்புகிற புற்றுநோய்களைத்தான் நாம் அதிகம் கேள்விப்பட்டிருக்கிறோம். தசை, கொழுப்பு, நரம்புறை, ரத்தக்குழாய் என்று உடம்பைத் தாங்கிப் பிடிக்கிற மென்திசுக்களில் வருவது சர்கோமா. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது சுமார் 1 சதவிகிதம்தான். அந்த 1 சதவிகிதத்துக்குள்ளேயே 50-க்கும் மேற்பட்ட வகைகள். ஒன்றின் குணம் இன்னொன்றுக்கு இருக்காது. சினோவியல் சர்கோமா அதில் ஒன்று. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 1,000 பேருக்கு வருகிறது. பெரும்பாலும் இளைஞர்கள். மூட்டுக்கு அருகே அதிகம் வருவதால், மூட்டை மூடியிருக்கும் சினோவியம் என்ற சவ்வின் பெயரை வைத்துவிட்டார்கள். உண்மையில் அந்தச் சவ்வுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. தவறான பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

நியூயார்க்கில் ஒரு பதினேழு வயதுப் பெண்

1890-ல் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற இளம் அறுவை சிகிச்சை நிபுணரிடம் எலிசபெத் டாஷியல் என்ற 17 வயதுப் பெண் வந்தார். பெஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். ரயில் பயணத்தில் கையில் பட்ட ஒரு சின்ன அடி. வீக்கம் வற்றவே இல்லை. கடைசியில் அது சர்கோமா என்று தெரிந்தது. முழங்கைக்குக் கீழே கையை எடுத்தார் கோலி. பலன் இல்லை. உடம்பு முழுக்கக் கட்டிகள் பரவி, 1891 ஜனவரியில் பெஸ்ஸி இறந்துபோனார். (பெஸ்ஸியின் நெருங்கிய நண்பர், கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரின் மகன். பிற்காலத்தில் அந்தக் குடும்பம் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொட்டிக் கொடுத்த பணத்துக்கு இந்த மரணமும் ஒரு காரணம் என்பார்கள்.)

கோலிக்கு அப்போது வயது 29. தூக்கம் போய்விட்டது. தன் மருத்துவமனையின் பழைய கேஸ் பதிவுகளைப் புரட்ட ஆரம்பித்தார். சர்கோமாவோடு வந்து பிழைத்தவர் யாராவது உண்டா? ஒருவர் இருந்தார். ஃப்ரெட் ஸ்டைன். கழுத்தில் கட்டி; வெட்ட வெட்ட வளர்ந்தது. மருத்துவர்கள் கைவிட்ட நிலையில், அவருக்கு எரிசிபலஸ் என்ற கடுமையான தோல் தொற்று வந்தது. ஆன்டிபயாட்டிக் இல்லாத காலம். காய்ச்சலில் செத்துவிடுவார் என்று எதிர்பார்த்தார்கள். காய்ச்சல் ஏற ஏறக் கட்டி கரைந்தது. ஆள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அது நடந்து ஏழு வருடங்கள் ஆகியிருந்தன. அந்த மனிதர் இருக்கிறாரா, இல்லையா? கோலி மன்ஹாட்டனின் குடியிருப்புகளில் கதவு கதவாகத் தட்டித் தேடினார். ஸ்டைன் உயிரோடு இருந்தார். கழுத்தில் பழைய தழும்பு மட்டும்தான் மிச்சம்.

காய்ச்சல் வந்தபோது உடம்புக்குள் எதுவோ விழித்துக்கொண்டு கட்டியையும் சேர்த்து அடித்திருக்கிறது என்று கணக்குப் போட்டார் கோலி. 1891-ல் சோலா என்ற இத்தாலியருக்கு, கழுத்தில் பெரிய சர்கோமாவோடு சாப்பிடக்கூட முடியாமல் இருந்தவருக்கு, உயிருள்ள பாக்டீரியாவையே ஊசியாகப் போட்டார். பல மாதங்கள் போராடியபின் கடும் காய்ச்சல் வந்தது. கட்டி உடைந்து வடிந்தது. சோலா அதன்பிறகு எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார்.

உயிருள்ள கிருமி வேறு சிலரைக் கொன்றும்விட்டது. அதனால் கொல்லப்பட்ட பாக்டீரியாக்களைக் கலந்து ஒரு மருந்து தயாரித்தார் கோலி. 'கோலி டாக்ஸின்' என்று பெயர். சிலருக்கு அற்புதமாக வேலை செய்தது. பலருக்கு ஒன்றுமே நடக்கவில்லை. ஏன் இந்த வித்தியாசம் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. ரேடியேஷன் வந்தது, கீமோ வந்தது. கோலியின் மருந்து ஓரங்கட்டப்பட்டது. 1936-ல் அவர் இறந்தார். அப்பாவின் குறிப்பேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு விடாமல் போராடியவர் மகள் ஹெலன். மருத்துவப் படிப்பு இல்லாத அவர், 1953-ல் தொடங்கிய புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இன்றைக்கும் இம்யூனோதெரபி ஆய்வுகளுக்கு நிதி கொடுத்துக்கொண்டிருக்கிறது.

பிரேக்கை எடுத்தால் போதுமா?

நம் ரத்தத்தில் டி செல் என்று ஒரு வகை வெள்ளை அணு உண்டு. ரோந்துப் போலீஸ் மாதிரி உடம்பைச் சுற்றி வந்து, சந்தேகப்படும்படி இருக்கிற செல்லைக் கொல்வது இதன் வேலை. கண்டபடி சுட்டுத் தள்ளாமல் இருக்க இதற்கு ஒரு பிரேக்கும் இருக்கிறது. புற்றுநோய் செல்கள் தந்திரமாக அந்த பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. அதை விடுவிக்கிற மருந்துகளுக்கு வழி கண்டுபிடித்த ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோன்ஜோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. தோலில் வரும் மெலனோமா, நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றில் இந்த மருந்துகள் செய்த மாற்றம் பெரியது. அக்கா கேள்விப்பட்ட 'இம்யூனோதெரபி' இதுதான்.

சர்கோமாவில்? 2017-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வின் முடிவு வந்தது. மென்திசு சர்கோமாவின் நான்கு வகைகளில் தலா 10 பேருக்கு, மொத்தம் 40 பேருக்கு, பெம்ப்ரோலிசுமாப் என்ற பிரேக் நீக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். 7 பேருக்குக் கட்டி குறிப்பிடும்படி சுருங்கியது. அதில் ஒரு வகையில் 10-க்கு 4. சினோவியல் சர்கோமாவில் 10-க்கு 1. மிருதுவான தசையில் வருகிற லியோமையோ சர்கோமாவில் 10-க்கு பூஜ்யம்.

கோலி பார்த்த அதே புதிர். சிலருக்கு அற்புதம், பலருக்கு ஒன்றுமில்லை.

பாரிஸில் ஒரு குழு இதைத் தலைகீழாக அணுகியது. மருந்தை விடுங்கள், கட்டிக்குள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம் என்று 608 சர்கோமா கட்டிகளை எடுத்துக்கொண்டார்கள். 2020-ல் முடிவு வெளியானது. கட்டிகள் ஐந்து வகையாகப் பிரிந்தன. ஒரு முனையில் எதிர்ப்பு செல்களே இல்லாத பாலைவனம். மறுமுனையில் செல்கள் கூட்டமாக இருப்பது மட்டுமல்ல, கட்டிக்குள்ளேயே சின்னச் சின்ன முகாம் போட்டிருந்தன. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த நெறி ஒரு நிணநீர்க் கணு. எதிர்ப்பு செல்கள் பயிற்சி எடுக்கிற இடம். அது போன்ற ஒரு குட்டிக் கணுவையே கட்டிக்குள் கட்டி வைத்திருந்தது உடம்பு. இந்த முகாம்களில் டி செல்லோடு, ஆன்டிபாடி தயாரிக்கிற பி செல்களும் நிறைய இருந்தன. அதுவரை புற்றுநோய் விஷயத்தில் பி செல்லை யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை.

முகாம் இருந்தவர்கள் அதிக காலம் வாழ்ந்திருந்தார்கள். அதே பெம்ப்ரோலிசுமாப் கொடுக்கப்பட்டவர்களின் கட்டிகளையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தார்கள். முகாம் உள்ள வகையில் 10 பேரில் 5 பேருக்குப் பலன். பாலைவன வகையில் ஒருவருக்குக்கூட இல்லை.

சரி, அப்படியென்றால் முகாம் இருப்பவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து மருந்து கொடுத்தால்? பிரான்ஸின் போர்தோவில் செய்து பார்த்தார்கள். 2022-ல் வந்த முடிவு: தேர்ந்தெடுக்காமல் எல்லோருக்கும் கொடுத்தபோது கட்டி சுருங்கியது 2.4 சதவிகிதம் பேருக்கு. தேர்ந்தெடுத்துக் கொடுத்தபோது 30 சதவிகிதம் பேருக்கு. மருந்து ஒன்றுதான். ஆளைப் பார்த்துக் கொடுத்ததில்தான் வித்தியாசம்.

2024-ல் வந்த இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். கை, கால்களில் பெரிய கட்டியோடு வந்தவர்களில், குறிப்பிட்ட இரண்டு வகை சர்கோமா உள்ளவர்களுக்கு, வழக்கமான ரேடியேஷன், ஆபரேஷனோடு பெம்ப்ரோலிசுமாபையும் சேர்த்தார்கள். இரண்டு ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 67 சதவிகிதம். மருந்து சேர்க்காதவர்களில் 52 சதவிகிதம். பக்க விளைவுகளும் கூடவே அதிகமாயின. ஆனாலும் 100 பேரில் 15 பேர் என்பது சின்ன எண் இல்லை. அந்த இரண்டு வகைகளில் சினோவியல் சர்கோமா இல்லை.

போலீஸுக்கு விலாசம் தெரியாத வீடு

சினோவியல் சர்கோமாவின் சிக்கல் வேறு. எக்ஸ் குரோமோசோமும் 18-ம் குரோமோசோமும் உடைந்து இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் பிறக்கிற நோய் இது. அந்த ஒட்டில் உருவாகும் ஒரு விநோதப் புரதம்தான் செல்லைப் புற்றாக மாற்றுகிறது. வேறு கோளாறு அதிகம் கிடையாது. மெலனோமா செல்லில் வெயிலால் ஆயிரக்கணக்கான மாற்றங்கள் இருக்கும்; போலீஸுக்கு அடையாளம் நிறைய. இங்கே அடையாளம் குறைவு. அது மட்டுமல்ல, அந்த விநோதப் புரதமே எதிர்ப்பு செல்களை உள்ளே விடாமல் தடுக்கிற வேலையையும் செய்கிறது என்று 2021-ல் கண்டுபிடித்தார்கள். வாசலிலேயே போலீஸ் இல்லாதபோது பிரேக்கை எடுத்து என்ன பயன்?

அக்காவின் கேள்விக்குப் பாதி பதில் இதுதான். மீதிப் பாதி இனி.

சினோவியல் சர்கோமா செல்கள் ஒரு தவறு செய்கின்றன. சாதாரணமாக விந்தகத்தில் மட்டும் இருக்கவேண்டிய சில புரதங்களை இவை தயாரிக்கின்றன. மற்ற உறுப்புகளில் அவை பெரும்பாலும் கிடையாது. அப்படியென்றால் நோயாளியின் டி செல்லை வெளியே எடுத்து, 'இந்தப் புரதத்தின் துணுக்கைப் பார்த்தால் அடி' என்று சொல்லிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினால்? அமெரிக்காவில் ஸ்டீவன் ரோசன்பெர்க்கின் குழு 2011-ல் அப்படிச் செய்தது. 6 சினோவியல் சர்கோமா நோயாளிகளில் 4 பேருக்குக் கட்டி சுருங்கியது.

அந்த வழியில் வந்த முதல் மருந்துக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. பெயர் டெசெல்ரா. திடமான கட்டிகளுக்கு மரபணு மாற்றிய டி செல் சிகிச்சை அனுமதி பெற்றது அதுவே முதல்முறை. மாஜ்-ஏ4 என்ற புரதம்தான் இதன் குறி. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்து எடுத்து, லேபில் அவற்றுக்குள் புதிய மரபணுவைச் செலுத்தி, பெருக்குகிறார்கள். நோயாளிக்குச் சில நாட்கள் கீமோ கொடுத்து உடம்பில் இடத்தைக் காலி செய்துவிட்டு, ஒரே ஒரு முறை டிரிப்ஸாக ஏற்றுகிறார்கள். ஒரு டோஸில் குறைந்தது 268 கோடி செல்கள். அதிகபட்சம் 1,000 கோடி.

ஏற்கெனவே கீமோ எடுத்தும் நோய் அடங்காத 44 பேருக்குக் கொடுத்ததில், 19 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. வேறு வழியே இல்லாத நிலையில் இருந்தவர்கள் அவர்கள். ஆனால், முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பலன் கிடைத்தவர்களிலேயே பாதிப் பேருக்கு அது ஆறு மாதம் அளவில்தான் நீடித்தது. ஒரு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது ஏறக்குறைய 39 சதவிகிதம் பேருக்கு. ஏற்றியவர்களில் நான்கில் மூவருக்குக் கடும் காய்ச்சலோடு உடம்பே கொந்தளிக்கிற ஒரு எதிர்வினை வந்தது. கோலியின் வார்டு ஞாபகத்துக்கு வருகிறது.

2024-ல் அனுமதி கிடைத்தபோது விலை 7,27,000 டாலர். அப்போதைய நம் பணத்தில் சுமார் ஆறு கோடி.

விலையையும் தாண்டி இன்னொரு கதவு இருக்கிறது. கிட்னி மாற்றும்போது பொருத்தம் பார்க்கிறார்களே, ஹெச்.எல்.ஏ, அது இங்கேயும் பொருந்தவேண்டும். புரதத் துணுக்கைச் செல்லின் வாசலில் தூக்கிக் காட்டுகிற கை அதுதான். டெசெல்ராவுக்கு ஏ-02 குடும்பத்தைச் சேர்ந்த குறிப்பிட்ட சில வகைகள் இருந்தால்தான் தகுதி. இந்தியர்களிடம் அடிக்கடி காணப்படுகிற 02:11 என்ற வகை அந்தப் பட்டியலில் இல்லை. எந்த நாட்டு மக்களிடம் ஆராய்ச்சி நடக்கிறதோ, அந்த மக்களின் பூட்டுக்குத்தான் முதல் சாவி செய்யப்படுகிறது. எனக்கு இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது.

நம் நாட்டில் எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. மும்பை ஐ.ஐ.டி-யும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய 'நெக்ஸ்கார்-19' என்ற செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டு விலையில் ஒரு சிறு பங்குதான். ஆனால் அது சிலவகை ரத்தப் புற்றுநோய்க்கு. செல்லின் மேல்தோலில் இருக்கும் அடையாளத்தைத்தான் அதனால் பார்க்க முடியும். சினோவியல் சர்கோமாவின் அடையாளம் செல்லுக்கு உள்ளே இருக்கிறது. செல்லை வெளியே எடுத்து, மரபணு மாற்றித் திருப்பி அனுப்புகிற வித்தை இங்கே கைக்கு வந்துவிட்டது என்பது மட்டும் இப்போதைக்கு நிஜம்.

அடுத்து, வாட்ஸ்அப்பில் சுற்றுகிற 'இம்யூனிட்டி பூஸ்டர்' கஷாயங்கள், பொடிகள். அக்காவும் இரண்டு டப்பா வாங்கி வைத்திருந்தார். எதிர்ப்பு சக்தி என்பது தண்ணீர்த் தொட்டி மாதிரி நிரப்புகிற சமாசாரம் அல்ல. அந்தப் பையனுக்கு எதிர்ப்பு சக்தி நன்றாகவே இருந்தது; சளி பிடித்தால் இரண்டு நாளில் போய்விடும். கட்டியை அடையாளம் காணத் தெரியவில்லை, அவ்வளவுதான். கீமோ நேரத்தில் டாக்டருக்குத் தெரியாமல் இவற்றைக் குடிப்பது ஈரலுக்கு வேறு ஆபத்து.

கட்டி தெரிந்தால் என்ன செய்ய வேண்டும்?

இவ்வளவு நவீன விஷயங்களைப் படித்த பிறகும், இந்த நோயில் பிழைப்பதை அதிகம் தீர்மானிப்பது பழைய விஷயம்தான்: கட்டி சின்னதாக இருக்கும்போது கண்டுபிடித்து, முதல் ஆபரேஷனைச் சரியாகச் செய்வது. உடம்பில் வருகிற கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை சாதாரணக் கொழுப்புக் கட்டிகள்தான். பயப்பட வேண்டாம். ஆனால் 5 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறது, வளர்ந்துகொண்டே போகிறது, தோலுக்கு அடியில் நழுவாமல் ஆழமாகத் தசைக்குள் இருக்கிறது, எடுத்த பிறகு திரும்ப வந்திருக்கிறது - இதில் ஒன்று இருந்தாலும் கத்தி வைப்பதற்கு முன் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சினோவியல் சர்கோமா மெதுவாக வளர்வதும் உண்டு. ரெண்டு வருஷமா இருக்கு, ஒண்ணும் ஆகலை என்பது தைரியம் தருகிற சமாசாரம் இல்லை. எடுத்த எந்தக் கட்டியையும் பயாப்ஸிக்கு அனுப்பாமல் விடக்கூடாது.

'ஊசி குத்தினால் கேன்சர் பரவிடும்' என்று நம் வீடுகளில் ஒரு பயம் இருக்கிறது. பின்னால் ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரோடு பேசி, எந்த வழியாக ஊசி போகவேண்டும் என்று திட்டமிட்டு எடுக்கிற பயாப்ஸி பாதுகாப்பானது. பரவ வைப்பது, என்ன கட்டி என்றே தெரியாமல் அரைகுறையாக வெட்டுவதுதான். அப்படி வெட்டினால் மிச்சம் இருக்கிற செல்கள் சுற்றியுள்ள சதையில் சிதறி, அடுத்த ஆபரேஷனில் இன்னும் அதிகச் சதையை எடுக்க வேண்டிவரும். சந்தேகம் வந்தால் சென்னை அடையாறு, வேலூர், மும்பை டாடா போல சர்கோமாவை அடிக்கடி பார்க்கிற இடத்துக்கு முதலிலேயே போவது நல்லது. எடுத்த கட்டியின் மெழுகுக் கட்டை, ஸ்லைடுகளை மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் மாஜ்-ஏ4 இருக்கிறதா, எதிர்ப்பு செல் முகாம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அந்தக் கட்டைதான் வேண்டும்.

இதையெல்லாம் அக்காவிடம் எளிமையாகச் சொல்ல ஒரு மாலைப்பொழுது முழுக்கத் தேவைப்பட்டது. நடுவில் இரண்டு முறை காபி போட்டார். பையனுக்கு இப்போது கட்டி இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சுக்கு ஸ்கேன், ஏனென்றால் இது பரவினால் முதலில் போவது நுரையீரலுக்கு. கால் கொஞ்சம் இழுக்கிறது. கால்பந்து இல்லை, கேரம் ஆடுகிறான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா எழுந்து, ஒரு பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தையும் பேனாவையும் கொண்டுவந்து நீட்டினார். "அந்த மெழுகுக் கட்டைன்னு சொன்னியே, அதையும் அந்த ஹெச்.எல்.ஏ-வையும் தமிழ்ல எழுதிக் குடு. வியாழக்கிழமை டாக்டர்கிட்ட கேக்கணும்."